வன்னியில் கன்னிவேட்டை: காட்டுக்குள் முதலில் கூட்டிப்போனவர் யார்?

வன்னியில் ஒருகாலத்தில் வேட்டைக்குப் போன பெரியவர் எவரிடமாவது, "நீங்கள் எப்படி வேட்டைக்காரன் ஆனீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். துவக்கைப் பற்றியோ முதலில் விழுத்திய மிருகத்தைப் பற்றியோ அவர் தொடங்கமாட்டார். "மாமாவோடை போனனான்", "அப்பு கூட்டிக்கொண்டு போனவர்", "அண்ணைக்குச் சோறு கொண்டுபோய்க் குடுக்கப்போய்ப் பழகினது" என்றுதான் பதில் வரும். முறைப்பெயர் முன்னால் வரும், மிருகம் பின்னால் வரும். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா என்று எங்கே விசாரித்தாலும் எனக்குக் கிடைத்த பதில்கள் இந்த வடிவத்திலேயே இருந்தன. ஒருவன் வேட்டைக்குள் நுழைவது எப்படி என்ற கேள்விக்கு, அவனை யார் கூட்டிப்போனார் என்பதே வன்னியின் விடை. அந்த விடை இன்று ஏன் செல்லாமல் போய்விட்டது, அதனால் காட்டுக்கும் ஊருக்கும் என்ன நேர்ந்திருக்கிறது என்பதைப் பார்க்கத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் நிலத்தைச் சொல்லவேண்டும். குளம், குளத்துக்குக் கீழே வயல், வயலின் மறுகரையில் காடு. இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம், தண்ணிமுறிப்பு, பாவற்குளம் என்று எந்தக் குளத்தை எடுத்தாலும் அமைப்பு ஏறக்குறைய இதுதான். காலபோக நெல் பால்பிடிக்கும் மார்கழி, தை மாதங்களில் காட்டுப்பன்றி இறங்கும், யானை இறங்கும். ஓர் இரவு கண்ணயர்ந்தால் ஆறு மாத உழைப்பு சேறாகிவிடும். ஆகவே வன்னிப் பெடியன் காட்டை முதன்முதலில் சந்தித்தது இரவுக் காவலில்தான். வயலோரத்துப் பரணும் காவற்கொட்டிலும்தான் அவனுடைய பள்ளிக்கூடம். தகரம் தட்டுவது, தீ அணையாமல் பார்ப்பது, கூக்குரல் போடுவது இவையே அரிச்சுவடி. வேட்டை அந்தக் காவலின் மறுபக்கமாக வந்து சேர்ந்தது. பயிரைக் காக்கப் போனவன்தான் ஒருநாள் இறைச்சியோடு திரும்பினான். உயிரைக் கொல்லும் ஆசையிலிருந்து வேட்டை பிறந்தது என்று நினைப்பவர்களுக்கு வன்னியின் அனுபவம் வேறொரு பாதையைக் காட்டுகிறது.

எனக்குப் பதினொரு வயதிருக்கும்போது அம்மாவின் தமையன் என்னை முதல்முறையாகக் காவலுக்குக் கூட்டிப்போனார். எழுபதுகளின் நடுப்பகுதி. அவரிடம் ஓர் இடியன் துவக்கு இருந்தது. வாய்வழியாக மருந்து போட்டு, தென்னந்தும்பை வைத்துக் கம்பியால் இடித்து, சன்னம் போட்டு மறுபடியும் இடித்து நிரப்புவதால் அதற்கு இடியன் என்று பெயர். இரண்டு காலபோகம் அதை நான் தொட அவர் விடவில்லை. விடியற்காலையில் வரம்பில் என்னைக் குந்தவைத்து அடி பார்க்கச் சொல்லித்தந்தார்.

"இது எப்ப போனது, சொல்லு பாப்பம்?"

"ராத்திரி, மாமா."

"இல்லை மருமோன். ராத்திரி போட்ட அடியிலை பனி இறங்கியிருக்கும். இதிலை இல்லை. புல்லிலையும் பனி குலைஞ்சு கிடக்கு. விடியப்புறம்தான் போயிருக்குது."

பிறகு அந்த அடியின் பின்பக்கத்தில் அகலமாகப் பதிந்திருந்த இரண்டு சின்னக் குழிகளை விரலால் காட்டினார். பன்றிக்குப் பின்குளம்பு இரண்டும் அப்படி விரிந்து பதியும். மான் சாதாரணமாக நடந்துபோனால் அப்படிப் பதியாது. ஒருபிடி காய்ந்த மண்ணைக் கிள்ளி மெல்ல விட்டுக் காற்று எந்தப்பக்கம் போகிறது என்று பார்ப்பதும் அன்றைக்குத்தான் பழகினேன். அந்த மாரி முழுவதும் அவர் இரண்டு தரந்தான் வெடி வைத்தார். பார்த்தது, கேட்டது, மணந்தது, பேசாமல் இருந்தது இவைதான் மிச்ச நேரமெல்லாம். வேட்டையின் பெரும்பகுதி காத்திருப்பு என்பதைப் புத்தகத்தில் வாசித்து நம்புவது கடினம், பரணில் குந்தியிருந்தால் இடுப்பு சொல்லித்தரும்.

இந்தப் பயிற்சிக்குப் படிகள் இருந்தன. எழுதிவைத்த படிகள் இல்லை, ஆனால் யாரும் தாண்டிப்போனதாகவும் எனக்குத் தெரியாது. கொய்யாக் கவரில் செய்த கெற்றப்போலோடு ஓணானுக்கும் அணிலுக்கும் குறிபார்ப்பது முதலாவது. பெரியவர்கள் தேன் எடுக்கப் போகும்போது புகைப்பந்தம் பிடித்துக்கொண்டு பின்னால் போவது அடுத்தது. காட்டில் வழிதவறாமல் நடக்கப் பழகியது தேனால்தான். அதன்பிறகு நாய். நல்ல வேட்டை நாய் ஒன்று பெடியனுக்குக் கற்றுக்கொடுப்பதை எந்த மாமனும் கற்றுக்கொடுக்கமாட்டான். உடும்பு வங்குக்குள் போனதா மரமேறியதா, முயல் பற்றைக்குள் கிடக்கிறதா ஓடிவிட்டதா என்பதை நாயின் குரலை வைத்தே சொல்லிவிடுவார்கள். நாய்க்குப் பின் சுமை. விழுந்ததைக் காவிக்கொண்டு வருவது இளையவன் வேலை. துவக்கு எல்லாவற்றுக்கும் கடைசியில்.

இதில் சுமைக்கு ஒரு தனி மரியாதை உண்டு. காவியவனுக்கும் பங்கு உண்டு என்பதுதான் அது. வெடி வைத்தவன், துவக்குச் சொந்தக்காரன், நாய்க்காரன், கூட வந்தவன் என்று பங்கு பிரியும். வராதவனுக்கும், ஊரிலே ஆண்துணை இல்லாத வீட்டுக்கும் ஒரு துண்டு போகும். என்னுடைய முதற்பங்கு தேக்கிலையில் சுற்றி வந்தது. கூடிப்போனால் ஒரு இறாத்தல் இருக்கும். அம்மா அதில் பாதியை வெட்டி அடுத்த வீட்டுக்குக் கொடுத்தனுப்பிவிட்டுத்தான் அடுப்பு மூட்டினா. பெரிய மிருகம் விழுந்தால் மிஞ்சிய இறைச்சியைக் கீறி உப்புப்போட்டுப் புகையிலும் வெயிலிலும் காயவைத்து வத்தலாக்குவார்கள். சிலர் தேனில் போட்டு வைப்பார்கள். விற்பது என்ற பேச்சு எங்கள் பக்கத்தில் அன்று அரிதாகத்தான் இருந்தது.

காட்டுக்குள் நுழையும் வாசலில் ஒரு சடங்கும் உண்டு. ஒரு குழையை முறித்து ஐயனாருக்கோ பிள்ளையாருக்கோ வழியோர மரத்தடியில் போட்டுவிட்டுத்தான் நடப்பார்கள். முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் வாகனத்தை நிறுத்தித் தேங்காய் உடைக்கிறவர்கள் இன்று நூற்றுக்கணக்கில். காட்டு வழியில் குழை முறித்த பழைய பயணிகளின் வழித்தோன்றல்களாகவே அவர்களை நான் பார்க்கிறேன். காடு இன்னொருவருடையது, கேட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்ற எண்ணம் அந்தக் குழையில் இருக்கிறது.

தமிழிலே முதல் வேட்டைக்கென்று ஓர் அழகான சொல் உண்டு: கன்னிவேட்டை. பெரியபுராணத்தில் சேக்கிழார் திண்ணனாரை, பின்னாளில் கண்ணப்ப நாயனார் ஆனவரை, அப்படித்தான் அனுப்புகிறார். தகப்பன் நாகன் முதுமையால் தளர்ந்து மகனிடம் பொறுப்பைக் கொடுக்கிறான். தேவராட்டி வாழ்த்துகிறாள். வில்வித்தை அதற்கு முன்பே முறையாகப் பயிற்றப்பட்டிருக்கிறது. நாணனும் காடனும் துணைக்குப் போகிறார்கள். தனியாக ஓடிய பன்றி ஒன்றைத் துரத்திப்போய்த்தான் திண்ணனார் காளத்தி மலையைக் காண்கிறார். பக்திக் கதையாக இதைக் கேட்டு வளர்ந்த நமக்கு ஒரு விசயம் கண்ணில் படுவதில்லை. குரு, குலத்தின் அனுமதி, தெய்வத்தின் அனுமதி, தோழர் என்று ஒரு இளைஞன் வேட்டைக்குள் நுழையத் தேவையான அத்தனையும் அங்கே வரிசையாக இருக்கின்றன. வன்னிக் காவற்கொட்டிலில் நடந்ததும் இதேதான், அளவில்தான் சின்னது.

வன்னியின் சொந்தக் கதை இன்னும் துணிச்சலானது. வேலப்பணிக்கரின் மனைவி அரியாத்தை யானை பிடித்த கதையை இங்கே ஒப்பாரியாகப் பாடியிருக்கிறார்கள், கூத்தாக ஆடியிருக்கிறார்கள். பணிக்கர் என்றால் யானை பிடிக்கும் தொழில் வல்லவர். வன்னிமைகள் எனப்பட்ட வன்னிச் சிற்றரசர்கள் ஒல்லாந்தருக்கு யானைகளைத் திறையாகக் கொடுத்தார்கள். வன்னிக் காட்டில் பிடிபட்ட யானைகள் கடனீரேரியைக் கடந்து யாழ்ப்பாணத்துக்குப் போய் அங்கிருந்து கப்பலேறின. ஆனையிறவு என்ற பெயரே அதற்குச் சாட்சி. அப்படிப்பட்ட நாட்டில் ஒரு பெண் யானையைக் கட்டினாள் என்று பாட்டிருப்பதை வெறும் கற்பனை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. பெண்கள் காட்டுக்குள் போகவில்லை என்ற எண்ணம் எப்போதும் உண்மையாக இருந்ததில்லை. விறகுக்கும் தேனுக்கும் பாலைப்பழத்துக்கும் அவர்கள் போனார்கள், அடியும் பார்த்தார்கள். லெனாட் வூல்ப் 1913இல் எழுதிய நாவலில் தென்னிலங்கை வேட்டைக்காரன் சிலிந்து தன் இரட்டைப் பெண்பிள்ளைகளைத்தான் காட்டுக்குக் கூட்டிப்போய்ப் பழக்குகிறான். யாழ்ப்பாணத்திலும் அம்பாந்தோட்டையிலும் உத்தியோகம் பார்த்தவர் எழுதிய நாவல் அது.

குழுமாடு பிடிப்பதையும் இங்கே சொல்லவேண்டும். பட்டியை விட்டுக் காடேறிக் காட்டிலேயே பெருகிய மாடுகளை வார்க்கயிற்றால் வீழ்த்திப் பிடிப்பது உயிரைப் பணயம் வைக்கும் விளையாட்டு. முல்லைத்தீவுத் தண்ணீரூற்றைச் சேர்ந்த அ. பாலமனோகரன் 'வட்டம்பூ' நாவலில் அந்த வாழ்வைப் பதிவுசெய்திருக்கிறார். 1973இல் வந்த அவருடைய 'நிலக்கிளி' தண்ணிமுறிப்பைக் களமாகக் கொண்டது. வன்னிக் காட்டில் ஓர் இளைஞன் எப்படி ஆளாகிறான் என்பதை அறிய விரும்புகிறவர் அரச அறிக்கைகளைத் தேடுவதற்குமுன் இந்த இரண்டு நாவல்களையும் வாசிக்கவேண்டும். மாட்டுவண்டிச் சவாரிக்காரரிடம் கேட்டாலும் இதே கதைதான்: தகப்பனோ பெரியப்பனோ வளர்த்த மாட்டுக்குப் புல்லுப் பிடுங்கப் போய்த்தான் அவர்களும் தொடங்கியிருப்பார்கள்.

வெள்ளைக்காரன் வேட்டைக்குள் நுழைந்த வழி இதற்கு முற்றிலும் வேறு. அவன் உத்தியோகத்தோடும் நல்ல துவக்கோடும் வந்தான், காட்டைத் தெரிந்த கூலிக்காரனை முன்னால் நடக்கவிட்டான். 1845இல் அப்புத்தளையில் இடிவிழுந்து இறந்த மேஜர் ரொஜர்ஸ் ஆயிரத்து நானூறுக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்று பெயரெடுத்தவர். சாமுவேல் பேக்கர் இலங்கை வேட்டையைப் பற்றி இரண்டு புத்தகம் எழுதிப் புகழ்பெற்றார். இவர்களுடைய வேட்டையில் பங்கு இல்லை, வத்தல் இல்லை, காக்கவேண்டிய வயலும் இல்லை, எண்ணிக்கை மட்டும் இருந்தது. அதேநேரத்தில் நம்மவர்களை முழுக்கக் குற்றமற்றவர்களாக்கவும் நான் தயாராக இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மான்தோலுக்கும் கொம்புக்கும் ஏற்றுமதிச் சந்தை திறந்தபோது, கோடையில் தண்ணீர் தேடிவரும் மிருகங்களைக் குளத்தோரம் பதுங்கியிருந்து கூட்டங்கூட்டமாகச் சுட்டவர்களில் உலர்வலயக் கிராமத்தவர்களும் இருந்தார்கள். பங்கு போய் விலை வந்த இடத்தில் கட்டுப்பாடு உடைந்துவிடும் என்பதற்கு அதுவே முதல் அத்தாட்சி.

சட்டம் அதன் பின்னால் வந்தது. 1891இல் யானை, எருமை முதலியவற்றை வீணாக அழிப்பதைத் தடுக்கும் கட்டளைச் சட்டம், 1894இல் வேட்டை மிருகப் பாதுகாப்புச் சங்கம், 1937இல் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம், 1949இல் வனசீவராசிகள் திணைக்களம். சுண்டிக்குளம் 1938இலும் கொக்கிளாய் 1951இலும் சரணாலயங்களாயின. 1937ஆம் ஆண்டில் அமெரிக்காவும் ஒரு சட்டம் கொண்டுவந்தது. அங்கே துவக்கு, தோட்டா விற்பனையில் வரி எடுத்து அந்தப் பணத்தை வனவிலங்குப் பாதுகாப்புக்கே கொடுத்தார்கள். வேட்டைக்காரனைப் பாதுகாப்பின் பங்காளி ஆக்கியது அந்தச் சட்டம். நமது சட்டம் மிருகத்தைக் காத்தது, அது அவசியந்தான். ஆனால் காவற்கொட்டிலில் இருந்தவனுக்கு அதில் இடமில்லை. நேற்றுவரை மாமன் மருமகனுக்குச் சொல்லிக்கொடுத்த வித்தை, ஒளித்துச் செய்யும் காரியமாக மாறியது. ஒளித்துச் செய்வதைப் பிள்ளைக்கு ஒழுங்காகக் கற்றுக்கொடுக்க முடியாது.

பிறகு யுத்தம். எண்பதுகளில் வீட்டுத் துவக்குகள் போயின. ஒருபக்கம் அரசிடம் ஒப்படைக்கப்பட்டன, மறுபக்கம் ஆயுத இயக்கங்கள் வாங்கிக்கொண்டு போயின. காட்டுக்குள் கண்ணிவெடி புதைந்தது. இதற்கு முன்பே 1958, 1977 வன்செயல்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வந்தவர்கள் வவுனியா, கிளிநொச்சிக் காட்டோரங்களில் குடியேறியிருந்தார்கள். யானை இறங்கும் எல்லைக் காணிகளே அவர்களில் பலருக்குக் கிடைத்தன. காட்டை அறிமுகப்படுத்த உள்ளூர் மாமன் ஒருவர் இல்லாமலே அவர்கள் அந்த எல்லையில் நிற்கவேண்டியிருந்தது. 2009இல் யுத்தத்தால் இடம்பெயர்ந்து மெனிக் பாம் முகாமுக்குள் அடைபட்டவர்களின் தொகை இரண்டு இலட்சத்தைத் தாண்டியது. 2012 செப்டெம்பரில்தான் அது மூடப்பட்டது. கெற்றப்போலும் நாயும் தேனுமாக அலையவேண்டிய வயதை முள்ளுக்கம்பிக்குள் கழித்த பெடியன்கள் திரும்பிவந்தபோது, கற்றுக்கொடுக்கவேண்டியவர்களில் பலர் உயிரோடு இல்லை. இருந்தவர்களுக்கும் கண்ணிவெடிப் பயத்தால் பிள்ளைகளைக் காட்டுக்குக் கூட்டிப்போக மனம் வரவில்லை.

பன்றி மட்டும் இறங்கிக்கொண்டேயிருக்கிறது. யானை முன்னிலும் அதிகமாக இறங்குகிறது. பயிரழிக்கும் பிராணிகளின் தொல்லை எந்த அளவுக்குப் போய்விட்டது என்றால், 2025 மார்ச் 15ஆம் திகதி நாடுமுழுவதும் ஐந்து நிமிடம் ஒதுக்கித் தங்கள் காணியில் நிற்கும் குரங்கு, மயில், மரஅணிலை எண்ணிச் சொல்லுமாறு அரசாங்கம் குடிமக்களைக் கேட்டது. காவலின் தேவை கூடியிருக்கிறது, காவலைக் கற்றுக்கொடுத்த வரிசை அறுந்திருக்கிறது. இந்த இடைவெளிக்குள்தான் இன்றைய இளைஞன் வேட்டைக்குள் நுழைகிறான். அவன் நுழையும் வாசல்கள் மூன்று: கம்பிச் சுருக்கு, கட்டுத்துவக்கு, ஹக்கப்பட்டாஸ் எனப்படும் வாய்வெடி. மூன்றுக்கும் பொதுவான ஒன்று உண்டு. வைத்தவன் அங்கே நிற்கவேண்டியதில்லை. அடி பார்க்கத் தேவையில்லை, காற்றுப் பார்க்கத் தேவையில்லை, எது வருகிறது என்று அறியவும் தேவையில்லை.

அறியாததன் விலையை மிருகமும் மனிதனும் சேர்ந்து கட்டுகிறார்கள். பன்றிக்காகக் கட்டிய துவக்கின் கம்பியில் விடியப்புறம் தண்ணீர் திருப்பப் போன கமக்காரனின் கால் படுகிறது. பன்றிக்கு வைத்த வாய்வெடியை யானைக் கன்று கடிக்கிறது. வாய் சிதறித் தின்னவும் குடிக்கவும் முடியாமல் அது பல நாள் கிடந்து சாகும். 2019இலும் 2023இலும் இலங்கையில் இறந்த யானைகள் ஆண்டுக்கு 400ஐத் தாண்டின. வாய்வெடி அந்த இறப்புகளின் பிரதான காரணங்களில் ஒன்று. 2020 மே மாதம் மலையகத்தில் நல்லதண்ணி தோட்டப்பகுதியில் சுருக்கில் மாட்டிய அபூர்வமான கருஞ்சிறுத்தை சில நாட்களில் இறந்துபோனது. சுருக்கு வைத்தவன் அதை நினைத்து வைத்திருக்கவே மாட்டான்.

கிளிநொச்சி அம்பாள்குளத்தில் 2018 ஜூன் 21ஆம் திகதி நடந்ததை மறக்கமுடியாது. ஊருக்குள் வந்த சிறுத்தை ஒன்று வனசீவராசிகள் அலுவலர் உட்படப் பத்துப்பேரளவில் காயப்படுத்தியது. கூடிய சனம் அதைப் பொல்லுகளால் அடித்துக் கொன்றது. உடலோடு படமெடுத்தார்கள், அது உலகெங்கும் போனது, கைதுகளும் நடந்தன. காயப்பட்டவர்களின் பயத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அந்தப் படங்களைப் பார்த்தபோது சிறுத்தையைப் புலி என்றே சொல்லும் மாமாவின் ஒரு சொல்தான் எனக்கு ஞாபகம் வந்தது. "புலி வந்தால் ஊரைக் கூட்டாதை. அதுக்கு வழி விடு, அது போகும்." வழிவிடத் தெரிந்தவர் அந்தக் கூட்டத்தில் இருந்திருந்தாலும் அவருடைய சொல் அன்றைக்கு எடுபட்டிருக்காது.

இன்னொரு வாசல் பணத்தால் திறக்கிறது. வீதி திறந்து, நகரத்திலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் ஆட்கள் வந்துபோகத் தொடங்கியபின் மான் இறைச்சிக்கும் மரை வத்தலுக்கும் கேள்வி பிறந்துவிட்டது. "வன்னிக்கு வந்து காட்டிறைச்சி தின்னாமல் போறதே?" என்று கேட்கிறவர் தான் சட்டவிரோதமான ஒரு சந்தையை நடத்துகிறோம் என்பதை உணரவேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தோல் வியாபாரி செய்த வேலையை இன்று விருந்தாளி செய்கிறார். இந்த இடத்தில் எனக்குத் தயக்கமே இல்லை: அந்த இறைச்சியை வாங்குவது பிழை.

வெளிநாட்டில் வாழும் நம் பிள்ளைகள் விரும்பினால் முறையாகவே வேட்டைக்காரர் ஆகலாம். ஜேர்மனியில் மிருகங்களின் வாழ்வு, நோய், சட்டம், ஆயுதப் பாதுகாப்பு எல்லாவற்றிலும் எழுத்தும் செய்முறையுமாகப் பரீட்சை எழுதவேண்டும். அதன் கடுமைக்காகப் பல்கலைக்கழக நுழைவுப் பரீட்சையின் பெயரால் அதைப் 'பச்சை அபிடூர்' என்று அங்கே அழைக்கிறார்கள். நோர்வேயிலும் பரீட்சை உண்டு. மாமாவின் இடத்தை அங்கே அரசு எடுத்துக்கொண்டது. இலங்கையில் மாமாவும் இல்லை, பரீட்சையும் இல்லை. பொழுதுபோக்கு வேட்டைக்கு இங்கே சட்டவழி கிடையாது, அது திரும்ப வரவேண்டும் என்று நான் கேட்கவும் இல்லை. இருக்கும் மானும் மரையும் அதற்குப் போதாது.

நான் கேட்பது வேறு. ஜிம் கோர்பெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சிறுவயதில் கெற்றப்போலில் தொடங்கி, குழாய் வெடித்துப் பித்தளைக் கம்பியால் கட்டிய ஒரு பழைய துவக்கோடு காட்டைப் படித்தவர். கடைசியில் காட்டைக் காக்கவேண்டும் என்று பேசியவரும் அவரே. அவரை மாற்றியது சிறுவயதில் கற்ற அடியும் குரலும்தான் என்று 1953இல் வந்த அவருடைய காட்டு அனுபவ நூலை வாசிக்கும்போது எனக்குப் படுகிறது. அந்தப் படிப்பைத் துவக்கிலிருந்து பிரித்தெடுக்கமுடியும். சுண்டிக்குளமும் மடுவீதியும் 2015 ஜூனில் தேசிய பூங்காக்களாயின. அங்கே வழிகாட்டிகளாகவும் மிருகக் கணக்கெடுப்பவர்களாகவும், யானை இறங்கும் வழியை முன்கூட்டி அறிவிப்பவர்களாகவும் வன்னிப் பெடியன்களையும் பெட்டைகளையும் எடுக்கவேண்டும். அவர்களுக்குப் பாடம் எடுக்க, கடைசியாக அடி பார்த்த தலைமுறையில் மிஞ்சியிருக்கிறவர்களை அழைக்கவேண்டும். கமநல அமைப்புகள் இரவுக் காவலை மறுபடியும் கூட்டுக்காவலாக ஒழுங்குபண்ணினால், சுருக்கும் வாய்வெடியும் வைப்பதற்கான காரணத்தில் பாதி போய்விடும். இவற்றில் எதற்கும் பெருந்தொகை தேவையில்லை.

அந்தத் தலைமுறைக்கு இப்போது எழுபது, எண்பது வயது. உங்கள் வீட்டில் அப்படி ஓர் அப்புவோ மாமாவோ இருந்தால், வருகிற காலபோகத்தில் ஒருநாள் விடியப்புறம் அவரைக் கைபிடித்துக் குளக்கட்டுக்குக் கூட்டிப்போங்கள். பிள்ளைகளும் வரட்டும். அவர் சொல்லும் மரங்களின் பெயரையும் மிருகங்களின் அடியையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள், அவருடைய குரலைக் கைத்தொலைபேசியில் பதியுங்கள். துவக்கு வேண்டாம்.